கேமரா மெக்கானிக் பதில்கள்: பரண் பெட்டி முதல் கட்டிலுக்கடி ரோபோ வரை

லென்ஸ் வைத்த எதைப் பற்றியும் கேட்கலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, தரை பெருக்கும் ரோபோவைப் பற்றி. கேமரா ரிப்பேர்காரனிடம் இதைக் கேட்கலாமா என்று சிலர் தயங்கியும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள். அந்த ரோபோக்களைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் என் பழைய சிநேகிதர்கள்தான்.

சார், தாத்தாவின் ஃபிலிம் கேமரா பரணில் கிடைத்தது. 1970 வாக்கில் வாங்கியதாம். பின்கதவைத் திறந்தால் விரலில் தார் மாதிரி கறுப்பாக ஒட்டுகிறது. புது பேட்டரி போட்டதும் மீட்டர் முள் அசைகிறது. ஆனால் எடுத்த படங்களெல்லாம் கொஞ்சம் இருட்டு. சிலவற்றில் ஓரத்தில் செம்மஞ்சள் கீற்று வேறு. கேமரா அவ்வளவுதானா?

அதெல்லாம் இல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள் சேர்ந்து உங்களைப் பயமுறுத்துகின்றன.

அந்தத் தார், பின்கதவின் விளிம்பில் வெளிச்சம் புகாமல் இருக்க ஒட்டியிருந்த ஃபோம். பல வருடங்களில் அது இப்படித்தான் உருகிப் பிசினாகும். ஃபோம் போன இடத்தில் வெளிச்சம் நுழைகிறது, கலர் ஃபிலிமில் அது செம்மஞ்சள் கீற்றாக விழுகிறது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காது குச்சியால் பழையதைச் சுரண்டி எடுங்கள். எடுத்த பிசின் ஷட்டர் திரைமேல் விழாமல் கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். அப்புறம் புது ஃபோம் பட்டையை அளவாக வெட்டி ஒட்டினால் போதும். ரிஃப்ளெக்ஸ் கேமராவாக இருந்தால் கண்ணாடி மேலே போய் முட்டும் இடத்திலும் ஒரு ஃபோம் துண்டு இருக்கும். பலர் அதை மறந்துவிடுவார்கள்.

இருட்டுப் படத்துக்குக் காரணம் பேட்டரி. அந்தக் காலத்து மீட்டர்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. பாதரசம் நஞ்சு என்பதால் அந்த பேட்டரி இப்போது வருவதில்லை. நீங்கள் போட்டது 1.5 வோல்ட் ஆல்கலைனாக இருக்கும். வோல்டேஜ் கூடினால் முள் கூடுதலாகச் சாய்கிறது. நீங்களும் வெளிச்சம் நிறைய இருப்பதாக நினைத்து லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்குகிறீர்கள். காது கேட்கும் கருவிக்கான 675 சிங்க்-ஏர் பேட்டரி சுமார் 1.4 வோல்ட் தரும், சுற்றிலும் ஒரு சின்ன வளையம் வைத்தால் பொருந்திவிடும். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் போன்ற சிலவற்றுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. வோல்டேஜ் சற்று மாறினாலும் அளவு மாறாத சர்க்யூட்டை அதில் வைத்தார்கள். அதைச் செய்த எஞ்சினியருக்கு மனதுக்குள் பலமுறை நன்றி சொல்லியிருக்கிறேன்.

மீட்டரே வேண்டாமென்றால் பழைய கணக்கு இருக்கிறது. நல்ல வெயிலில் லென்ஸின் துவாரத்தை எஃப்/16-ல் வைத்து, ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணை ஷட்டர் வேகமாக வையுங்கள். 100 ஃபிலிமுக்கு 1/100, கேமராவில் அதற்குப் பக்கத்தில் இருக்கும் 1/125. மேகம் வந்தால் துவாரத்தை ஒரு ஸ்டாப், அதாவது ஒரு படி, திறந்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால், மீட்டர் கெட்டுப்போன கேமராதான் ஆளுக்கு வெளிச்சம் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது.

இன்னொரு பழைய கேமரா. உள்ளே ரோல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. திறந்து பார்க்கலாமா?

திறக்காதீர்கள்! மேலே இடது பக்கம் ரீவைண்ட் கைப்பிடி இருக்கும். மடக்கியிருக்கும் குட்டிப் பிடியை விரித்து, அம்புக்குறி காட்டும் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ஒன்றுமில்லாமல் லொடலொடவென்று சுற்றிக்கொண்டே போனால் காலி. அரைச் சுற்றுக்குள் இழுத்துப் பிடித்தால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. அப்படியானால் அடித்தட்டில் இருக்கும் சின்ன பட்டனை அழுத்திவிட்டுச் சுற்றுங்கள். சீரான இறுக்கத்தோடு வரும். கடைசியில் ஒரு சின்ன வெட்டு இழுப்பு, அப்புறம் பிடி சட்டென்று லேசாகிவிடும். அதோடு நிறுத்திக் கதவைத் திறக்கலாம்.

உருளையில் சி-41 (கலர் நெகட்டிவ் கழுவும் முறையின் பெயர்) என்று இருந்தால் இன்றும் கழுவலாம். 38 டிகிரியில் டெவலப்பர் மூன்றேகால் நிமிடம் என்ற அதே கணக்குதான். நிறம் மங்கி, படத்தின் பொடிப் புள்ளிகள் தடித்து வரும். ஆனாலும் முகம் தெரியும். சி-22 என்று இருந்தால் அது 1970-களின் தொடக்கத்துக்கு முந்தைய முறை. அந்த ஃபிலிம் 38 டிகிரியைத் தாங்காது, பூச்சு கழன்றே வந்துவிடலாம். கோடக்ரோம் என்று இருந்தால் நிறத்தை மறந்துவிடுங்கள். அதன் நிறங்கள் ஃபிலிமுக்குள் கிடையாது, கழுவும்போதுதான் சேர்ப்பார்கள். அந்தக் கழுவல் 2010 முடிவோடு நின்றுவிட்டது. இந்த இரண்டு வகையையும் கறுப்பு வெள்ளையாகக் கழுவிக் கொடுக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

என் ரோபோவின் தலையில் ஒரு வட்டக் கோபுரம் சுழல்கிறது. 'கேமரா இல்லை, லேசர் மட்டும்தான்' என்று பெட்டியில் போட்டிருக்கிறது. என் தம்பி பழுதான ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே லென்ஸும் இமேஜ் சென்சாரும் இருக்கின்றன, கேமராவேதான் என்கிறான். யார் சொல்வது சரி?

தம்பியை என் பட்டறைக்கு அனுப்புங்கள், வேலை தருகிறேன்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். 2010-ல் வந்த நீட்டோ எக்ஸ்வி-11 என்ற ரோபோவின் கோபுரத்தில் இருந்ததைச் சொல்கிறேன். ஒரு பக்கம் சின்ன லேசர். சில சென்டிமீட்டர் தள்ளி ஒரு லென்ஸ், அதன் பின்னால் ஒரு சென்சார். லேசர் சுவரில் ஒரு புள்ளி வைக்கிறது, லென்ஸ் அதைச் சாய்வாகப் பார்க்கிறது. சுவர் பக்கத்தில் இருந்தால் புள்ளியின் பிம்பம் சென்சாரின் ஒரு ஓரத்தில் விழும். சுவர் தள்ளிப் போகப் போக மறு ஓரத்துக்கு நகரும். எங்கே விழுந்தது என்று தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். நொடிக்கு ஐந்து சுற்று, டிகிரிக்கு ஒரு அளவு. அந்த லென்ஸுக்கு உங்கள் முகமோ மேசையோ தெரியாது. லேசரின் நிறத்தைத் தவிர மற்ற வெளிச்சத்தை ஃபில்டர் தடுத்துவிடும். படம் எடுப்பதில்லை என்ற அர்த்தத்தில் பெட்டியில் போட்டிருப்பது பொய்யில்லை.

இப்போது ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் இரண்டு ஜன்னல்கள். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தால் நடுவில் வெளிறிய ஒரு சின்னக் கட்டம், அதற்குள் எதிரே நிற்பவரின் மூக்கு இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு மூக்கும் நெருங்கி ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். அந்த இடத்தில் ஃபோகஸ் சரி. உள்ளே என்ன நடக்கிறது? லென்ஸ் முன்னும் பின்னும் போகும்போது ஒரு சின்ன உருளை வைத்த கை அதைத் தொட்டுக்கொண்டே நகர்கிறது, அந்தக் கை ஒரு கண்ணாடியையோ பட்டகத்தையோ மயிரிழை திருப்புகிறது. இரண்டு ஜன்னல், எதிரே ஒரு மூக்கு, மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம். இதைச் சரிசெய்வது எனக்கு மிகப் பிடித்த வேலை. லென்ஸை முடிவிலியில் வைத்து, வெகுதூரத்தில் இருக்கும் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே, மூச்சைப் பிடித்து ஒரு குட்டித் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்ப வேண்டும்.

கோபுரத்துக்குள் இருப்பதும் இந்த முக்கோணம்தான். இடையில் நடந்தது இவ்வளவுதான். 1977-ல் கோனிகா சி35 ஏஎஃப் வந்தது, கடைகளில் பெருவாரியாக விற்ற முதல் ஆட்டோஃபோகஸ் கேமரா. அதில் ஹனிவெல் செய்த ஒரு சின்ன மாட்யூல், இரண்டு ஜன்னல்களின் காட்சியையும் தானே ஒப்பிட்டு லென்ஸை நிறுத்தியது. மூக்கைப் பொருத்தும் வேலை நம் கண்ணிடமிருந்து போய்விட்டது. 1979-ல் கேனன் ஏஎஃப்35எம் ஒப்பிடுவதையும் விட்டுவிட்டது. தானே ஒரு இன்ஃப்ராரெட் ஒளியை அனுப்பி, அது எந்தக் கோணத்தில் திரும்புகிறது என்று பார்த்தது. அந்த இன்ஃப்ராரெட்டை லேசராக்கி, மொத்தத்தையும் சுழலவிட்டால் உங்கள் கோபுரம்.

இதில் ஒரு குறை உண்டு. தூரம் கூடினால் பிழை அதன் வர்க்கத்தில் கூடும். 1 மீட்டரில் 2 மில்லிமீட்டர் பிழை என்றால் 5 மீட்டரில் 5 சென்டிமீட்டர். இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டினால் துல்லியம் கூடும். 1954-ன் லைகா எம்3-ல் அது கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர். ரோபோவின் தலையில் அவ்வளவு இடம் சுலபத்தில் கிடைக்காது. அதனால் புது மாடல்கள் பலவும் முக்கோணத்தை விட்டுவிட்டு, ஒளி போய்வரும் நேரத்தையே அளக்கின்றன. 3 மீட்டர் தள்ளியிருக்கும் சுவருக்குப் போய்வர 20 நானோ நொடி. அதை அளக்கும் சில்லு இத்தனூண்டு கோபுரத்துக்குள் உட்காருகிறது என்பதை இன்னும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தம்பியிடம் சொல்லுங்கள்: லேசரும் லென்ஸும் தள்ளித் தள்ளி, லேசாகச் சாய்ந்து இருந்தால் முக்கோண வகை. ஒட்டிக்கொண்டு நேராகப் பார்த்தால் பெரும்பாலும் நேரம் அளக்கும் வகை.

ஃபிலிமில் எத்தனை மெகாபிக்சல் சார்?

இந்தக் கேள்விக்கு இதுதான் கடைசிப் பதில்: ஃபிலிமில் பிக்சலே இல்லை. ரோபோ வழி தேட மெகாபிக்சல் முக்கியமும் இல்லை. 640-க்கு 480, அதாவது 0.3 மெகாபிக்சல் படத்தை வைத்துக்கொண்டே ஒரு ரோபோ வீடு முழுக்கச் சுற்றிவரும். 1975-ல் கோடக்கில் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவுக்கு 100-க்கு 100தான். ஒரு படத்தை ஆடியோ கேசட்டில் பதிய 23 நொடி ஆனது.

என் ரோபோவின் கேமராவை ஃபோகஸ் செய்ய மோட்டார் எதுவும் இல்லை என்கிறார்கள். பக்கத்தில் கிடக்கும் செருப்பும் தூரத்துக் கதவும் எப்படி ஒன்றாகத் தெளிவாகத் தெரியும்?

பெட்டி கேமரா வைத்திருந்த யாரையாவது கேளுங்கள். அதிலும் ஃபோகஸ் வளையம் கிடையாது. சின்னத் துவாரம், நிலையான லென்ஸ், ஆளை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிற்கவைத்தால் அங்கிருந்து அடிவானம் வரை ஓரளவு தெளிவு.

ரோபோவுக்கு இது இன்னும் சுலபம், ஏனென்றால் அதன் லென்ஸ் குட்டி. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப்/2-ல் வைத்தால், சுமார் 42 மீட்டருக்கு ஃபோகஸ் செய்தால்தான் அடிவானமும் சேர்ந்து தெளிவாகும். அப்போதும் 21 மீட்டருக்கு இந்தப் பக்கம் மங்கல். ரோபோவில் இருப்பதுபோல 2 மில்லிமீட்டர் லென்ஸை அதே எஃப்/2-ல், அதன் சின்ன சென்சாருக்கு ஏற்ற அளவில் கணக்கிட்டால், 33 சென்டிமீட்டரிலிருந்தே எல்லாம் தெளிவு. மோட்டார் வைத்தால் செலவும் கூடும், கெட்டுப்போக இன்னொரு பாகமும் சேரும். போதாக்குறைக்கு, ஃபோகஸ் மாறும்போதெல்லாம் பிம்பத்தின் அளவும் கொஞ்சம் மாறும். படத்தை வைத்து அளவெடுக்கிறவனுக்கு அது தலைவலி.

கறுப்புக் கம்பளத்தின் விளிம்பில் ரோபோ நின்றுவிடுகிறது. ஆளுயரக் கண்ணாடியில் மட்டும் போய் இடிக்கிறது. ஏன்?

கம்பளத்துக்கு முதலில். ரோபோவின் அடியில் படிக்கட்டு பார்க்கும் இன்ஃப்ராரெட் கண்கள் உண்டு. ஒளி தரையில் பட்டுத் திரும்பினால் தரை இருக்கிறது, திரும்பாவிட்டால் பள்ளம். அடர் கறுப்பு, ஒளியை விழுங்கிவிடும், ஆகவே அதற்குக் கம்பளமும் பள்ளமும் ஒன்றுதான். அந்தக் கண்களை டேப் ஒட்டி மறைக்கச் சொல்லும் ஆலோசனைகள் உலவுகின்றன. மாடிப்படி உள்ள வீட்டில் அதைச் செய்யாதீர்கள்.

நிலைக்கண்ணாடியில் லேசர் பட்டு வேறெங்கோ போய்விடுகிறது, ரோபோவும் அந்தப் பக்கம் இன்னொரு அறை இருப்பதாக நம்புகிறது. செயலியில் அந்த இடத்துக்குத் தடைக்கோடு போட்டுவிடுங்கள். 1978-ல் வந்த போலராய்டின் சோனார் கேமராவுக்கு இதே வியாதி தலைகீழாக இருந்தது. ஒலி அலை அனுப்பி தூரம் அளக்கும் கேமரா அது. ஜன்னல் கண்ணாடி வழியாக மலையைப் படம் எடுத்தால் ஒலி கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பிவிடும். கண்ணாடிக்கு ஃபோகஸ், மலை மங்கல்.

அந்த சோனாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன். ரோபோவுக்கும் அதற்கும் தொடர்பு உண்டாமே?

நல்ல கேள்வி, நன்றாகக் கேட்டீர்கள். இது பலருக்குத் தெரியாது.

முதலில் அதற்கு முந்தைய நிலைமை. ஸ்டான்ஃபோர்டில் ஹான்ஸ் மொராவெக் என்பவர் டிவி கேமரா பொருத்திய வண்டி ஒன்றை ஓட்டினார். வண்டி நிற்கும். கேமரா ஒரு தண்டவாளத்தில் பக்கவாட்டில் நகர்ந்து ஒன்பது படம் எடுக்கும். கம்ப்யூட்டர் கணக்குப் போடும். அப்புறம் வண்டி ஒரு மீட்டர் போகும். 1979-ல் நாற்காலிகள் போட்ட ஒரு அறையை இப்படிக் கடக்க சுமார் ஐந்து மணி நேரம் ஆனது. வெளியே வெயிலில் ஓட்டினால், அது கணக்கு முடிப்பதற்குள் நிழல்கள் இடம் மாறிவிடும். வழி தேடுவதற்குள் உலகமே மாறிவிட்டால் பாவம் அது என்ன செய்யும்?

அந்த நேரத்தில்தான் போலராய்டின் ஒலிக் கண் வந்தது. கேமராவின் முன்னால் வட்டமாக, பொன்பூச்சுத் தகடு வைத்த ஒரு தட்டு. சுமார் 50 கிலோஹெர்ட்ஸில் ஒரு சிணுங்கல், காதுக்குக் கேட்காது. எதிரொலி வரும் நேரத்தை வைத்து லென்ஸ் நகரும். போலராய்டு இந்தத் தட்டையும் சர்க்யூட்டையும் தனியாகவே விற்றது. மலிவாக, தயாராகக் கிடைத்ததால் 1980-களில் ஆய்வுக்கூட ரோபோக்கள் பல இடுப்பைச் சுற்றி இந்தத் தட்டுகளை மாலைபோல் அணிந்துகொண்டன.

ஆனால் ஒலிக்கற்றை அகலமானது. ஏதோ 2 மீட்டரில் இருக்கிறது என்று சொல்லும், எந்தப் பக்கம் என்று சரியாகச் சொல்லாது. 1985-ல் அதே மொராவெக்கும் ஆல்பர்ட்டோ எல்ஃபெஸும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். தரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பொருள் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு எண். எதிரொலி வர வர எண்களைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு அளவும் சந்தேகத்துக்குரியதுதான், ஆனால் நிறையச் சேர்ந்தால் சுவர் தெளிந்துவிடும். இன்று உங்கள் போனில் ரோபோ வரைந்து காட்டும் வீட்டு வரைபடத்துக்கு அடியில் இருப்பது இந்தக் கட்டங்கள்தான்.

வீட்டுக்கு வந்த ரோபோக்களில் எலக்ட்ரோலக்ஸின் ட்ரைலோபைட் 2001-ல் ஒலி அலையோடு வந்தது. 2002-ன் முதல் ரூம்பா வரைபடமே போடாமல் முட்டி முட்டித் திரும்பியது. ரூம்பாவுக்கு வழி பார்க்கும் கேமரா 2015-ல் 980 மாடலில்தான் கிடைத்தது.

போனில் மின்விசிறியைப் படம் எடுத்தால் இறக்கைகள் வாழைப்பழம் மாதிரி வளைகின்றன. சென்சார் கெட்டுவிட்டதா?

இல்லை. சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கிறது. கடைசி வரிசைக்கு வருவதற்குள் இறக்கை நகர்ந்துவிடுகிறது. இது டிஜிட்டல் கொண்டுவந்த கோளாறு என்று எல்லோரும் நினைக்கிறார்கள், எனக்குக் கோபம் வரும். துணித்திரை ஷட்டரில் 1/1000 என்று வைத்தாலும், திரைகளுக்கு நடுவே உள்ள ஒரு மெல்லிய பிளவுதான் ஃபிலிமைக் கடக்கிறது. முழுதும் கடக்க ஏறக்குறைய 1/60 நொடி ஆகும். 1910-களில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ழாக்-ஆன்ரி லார்டீக் எடுத்த பந்தயக் காரின் படத்தைப் பாருங்கள். சக்கரம் முன்னால் சாய்ந்து நீள்வட்டமாக ஓடுகிறது, வேடிக்கை பார்ப்பவர்கள் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். அந்தப் படத்தின் அழகே இந்தக் கோளாறுதான்.

ரோபோவுக்கு அழகு தேவையில்லை. அது சட்டென்று திரும்பும்போது கதவு நிலை சாய்ந்து தெரிந்தால் வரைபடமும் சாயும். அதனால் சிலவற்றில் எல்லா வரிசையையும் ஒரே கணத்தில் பதியும் குளோபல் ஷட்டர் சென்சாரை வைக்கிறார்கள். மற்றவற்றில், திரும்பும் வேகத்தை அளக்கும் கைரோவின் அளவை வைத்துச் சாய்வைக் கணக்கில் நிமிர்த்துகிறார்கள்.

கேமரா உள்ள ரோபோவை வீட்டில் விட எனக்குப் பயமாக இருக்கிறது. கணவர், 'அது மூலைகளைத்தான் பார்க்கும், நம்மைப் பார்க்காது' என்கிறார்.

வழி தேடும் வேலையைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. படத்தில் மேசை முனை, ஜன்னல் சட்டத்தின் மூலை என்று எளிதில் மாறாத புள்ளிகளை மட்டும் பொறுக்கி, அவை எப்படி நகர்கின்றன என்று பார்த்துத் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். மீதிப் படத்தை எறிந்துவிடலாம். ஆனால் எறிகிறதா என்பது மென்பொருள் எழுதியவரின் கையில். 2019-ல் வந்த ஒரு ஆய்வு, அந்தப் புள்ளிகளையும் அவற்றின் விவரக் குறிப்புகளையும் மட்டும் வைத்தே அறையின் படத்தைத் திரும்ப உருவாக்கிக் காட்டியது.

முன்பக்கம் பார்க்கும் கேமராக்களின் கதை வேறு. கீழே கிடப்பது வயரா செருப்பா என்று பிரித்தறியக் கற்றுக்கொடுக்க, நிஜ வீட்டுப் படங்களை மனிதர்கள் உட்கார்ந்து பெயர் குறிக்க வேண்டியிருக்கிறது. சோதனைக்காக வீடுகளில் விடப்பட்ட ரோபோக்கள் எடுத்த அந்தரங்கப் படங்கள், அப்படிப் பெயர் குறித்தவர்கள் வழியாகச் சமூக ஊடகக் குழுக்களுக்குப் போன செய்தி 2022-ல் வெளியானது. அந்த வீடுகளில் இருந்தவர்கள் சோதனைக்குச் சம்மதித்தவர்கள்தான். ஆனால் இவ்வளவுக்குச் சம்மதித்திருப்பார்களா?

உங்கள் பயம் நியாயமானது. லேசர் மட்டும் உள்ள மாடலை வாங்குங்கள், வயர்களை நீங்களே தூக்கி வைத்துவிடுங்கள். கேமரா உள்ளதுதான் வேண்டுமென்றால், 'தயாரிப்பை மேம்படுத்தப் படங்களைப் பகிர்' என்பதுபோல ஒரு தேர்வு அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும், தேடி அணைத்துவிடுங்கள். கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டினால் அது கண்ணிழந்து தடுமாறும், அது பயன்படாது.

ரோபோவின் லென்ஸைக் கண்ணாடி துடைக்கும் திரவம் போட்டுத் துடைக்கலாமா?

வேண்டாம். முன்னால் இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் மூடி, சில திரவங்களில் அது பனி படிந்ததுபோல் மங்கிவிடும். ரப்பர் ஊதுகுழலால் தூசியை ஊதிவிட்டு, காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஊதாமல் துடைத்தால் தூசியே கீறல் போடும், ஐம்பது வருடத்துக் கேமரா லென்ஸுக்கும் இதே முறைதான். அடியில் இருக்கும் படிக்கட்டுக் கண்களையும் அப்படியே துடைத்துவிடுங்கள். ரோபோ திடீரென்று நடுத்தரையில் நின்று அடம்பிடிக்கிறது என்று எழுதியிருந்த மற்ற மூன்று பேருக்கும் இதே பதில்: முதலில் அவற்றைத் துடைத்துப் பாருங்கள், அதற்கும் சரியாகவில்லை என்றால் மாடல் எண்ணோடு மறுபடி எழுதுங்கள்.